வெள்ளிப் பெட்டியின் இடது பக்கம்

அண்ணன் இறந்து ஏழாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அண்ணி ஒரு செருப்புப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு அடங்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு பெட்டியை என் மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு பழைய துண்டில் சுற்றிய இரண்டு மியூசிக் பிளேயர்கள் இருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி. அவற்றோடு ஒரு ஜோடி இயர்போன், சட்டையில் மாட்டிக்கொள்ளும் இரண்டு சின்ன மைக், ஒரு ரெக்கார்டர், சத்தத்தை அளக்கும் அண்ணனின் டெசிபல் மீட்டர்.

அண்ணி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார். பழைய சாமான்களை எடுத்துக்கொள்ள எக்ஸ்சேஞ்ச் கடைக்காரர் அடுத்த சனிக்கிழமை வருகிறார். இந்த இரண்டில் ஒன்று எனக்கு, மற்றது கடைக்கு. எது எனக்கு என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். கடைசி வருடத்தில் அண்ணன் இதை இரண்டு முறை சொல்லியிருந்தாராம்.

“‘அவன் ரெண்டையும் கேட்டுப் பார்த்து எடுத்துக்கட்டும்’னார். அவ்வளவுதான். எனக்கென்ன தெரியும், ரெண்டுலயும் பாட்டுத்தான் வருது.”

அண்ணன் சாகும்போது நாங்கள் பேசி நான்கு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன. இறந்த அன்று போனேன். அது பேச்சில் சேராது.

செல்போன் இருக்கும்போது பாட்டுக்கென்று தனியாக ஒரு பெட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு, ஒரு காலத்தில் நானும் அண்ணனும் மணிக்கணக்கில் பதில் சொல்லியிருக்கிறோம். இந்தப் பெட்டிகளில் போன் பேச முடியாது, படம் பார்க்க முடியாது. சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். விலையைச் சொன்னால் கேட்பவர்கள் ஒருமுறை உட்கார்ந்து எழுவார்கள். எங்களுக்கு அதுதான் பைத்தியம். கடையிலிருந்து ஒரு வாரத்தில் திருப்பித் தருவதாக இரண்டு பிளேயர்களை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து, ஒரே பாட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு, எதில் பாடகி எச்சில் விழுங்குவது தெளிவாகக் கேட்கிறது என்று சண்டை போடுவோம். “பாட்டு கேக்குறீங்களா, பாட்டுல பேன் பாக்குறீங்களா?” என்று அண்ணி டீயை வைத்துவிட்டுப் போவார்.

அண்ணன் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மூத்த மெக்கானிக். மோட்டார் அறைக்குள் நுழைந்து, கண்ணை மூடி அரை நிமிடம் நின்று, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் ஸ்டெதஸ்கோப். பாட்டு கேட்பதிலும் அதே கறார். ஒருவர் கண்ணைத் துண்டால் கட்டிக்கொள்ள வேண்டும், மற்றவர் பெட்டியை மாற்ற வேண்டும். அதற்கு முன், இரண்டிலும் சத்தம் மயிரிழை பிசகாமல் சமமாக இருக்க வேண்டும். சத்தம் துளி கூடினாலும் காது அதைத்தான் நல்லது என்று நம்பிவிடும் என்பார். அதற்காகவே லிஃப்டின் ரப்பர் வளையம் ஒன்றைக் குடைந்து, மீட்டரின் மூக்கில் பொருத்தி, இயர்போனை அதில் செருகி அளப்பதற்கு வழி செய்திருந்தார்.

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பிரிவில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் நடந்ததை எழுத வேண்டும். பிறகு நம் தரப்பு நியாயத்தை எழுத வேண்டும். வருத்தம் கடைசிப் பத்தியில், இரண்டு வரிக்கு மிகாமல் வர வேண்டும். வருத்தத்தை முதலில் எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். பத்தொன்பது வருடமாக அப்படித்தான் எழுதிவருகிறேன்.

எனக்கும் அண்ணனுக்கும் ஆகாமல் போனதற்குக் காரணமும் என் ஒழுங்குதான். அவர் ஒருமுறை வெளியூர் வேலையாகப் பத்து நாள் போனபோது, தன் பாட்டுகள் முழுவதும் இருந்த ஹார்ட் டிஸ்க்கை என்னிடம் கொடுத்து ஒரு நகல் எடுத்து வைக்கச் சொன்னார். திறந்து பார்த்தேன். ஒரே பாட்டு ஒன்பது முறை, ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருந்தது. எனக்குக் கை அரித்தது. நகல் எடுப்பதற்கு முன்பே இரட்டைகளை எல்லாம் அழித்து, அகர வரிசையில் அடுக்கி வைத்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம் பாட்டுகள் போயின. அவை இரட்டைகள் அல்ல. ஒன்று முதல் பதிப்பு இசைத்தட்டிலிருந்து எடுத்தது, ஒன்று பழைய நாடாவிலிருந்து எடுத்தது, ஒன்று யாரோ ஒருவர் வீட்டு ஒத்திகையில் அண்ணனே ஓரமாக உட்கார்ந்து பதிந்தது. பதினொரு வருடச் சேகரம்.

அவர் திரும்பி வந்த மறுநாள் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். என் மேசைக்கு எதிரே நின்று, ஐந்து பேர் பார்க்க, “உன்கிட்ட ஒரு பொருளைக் கொடுத்தா அது செத்துத்தான்டா திரும்பி வரும்” என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து, நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அவருடைய கார் வந்து நின்றது. உள்ளேயிருந்து எட்டி எனக்காக இடது கதவைத் திறந்துவிட்டார். ஏறினேன். வீட்டுக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் நான் மட்டுமே பேசினேன். இறங்கும் இடம் வருவதற்கு முன் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சாலையையே பார்த்து ஓட்டினார். கார் நின்றது, நான் இறங்கினேன். “கதவைச் சரியா சாத்து” என்றார்.

அதுதான் நான் கேட்ட மன்னிப்புக்கு வந்த பதில் என்று எடுத்துக்கொண்டேன். காலில் விழாத குறையாகக் கேட்டவனிடம் கதவைச் சாத்தச் சொன்னவரிடம் இனி என்ன பேச்சு என்று இருந்துவிட்டேன். அவரும் வரவில்லை.

இப்போது அவருடைய பெட்டிகள் என் மேசைமேல் இருந்தன.

முதலில் கறுப்பை எடுத்தேன். மகள் வாங்கிக் கொடுத்ததாம். அதிகம் தொடாத பெட்டி, கண்ணாடியில் ஒட்டிய தாள்கூட உரிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டேன். துடைத்த ஜன்னல் போல இருந்தது. ஒவ்வொரு வாத்தியமும் தன் இடத்தில் நின்றது, பாடகி நட்டநடுவில் நின்றாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு வெள்ளி. மூலைகள் தேய்ந்து, பட்டன்களின் எழுத்து அழிந்து, கைக்குள் வந்ததும் தானாகப் பழகிய இடத்தில் உட்கார்ந்தது. அதே பாட்டைப் போட்டேன். பாடகி நடுவில் இல்லை. என் இடது தோளுக்குப் பக்கத்தில், காதோடு வாயை வைத்துப் பாடினாள். மூச்சு படுகிறதோ என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். பகல் இரண்டு மணி, அறை முழுக்க வெயில், அங்கே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பினேன்.

வேறு பாட்டு, ஆண் குரல். அவனும் இடது பக்கம்தான். குரல்கூட இல்லாத வெறும் வாத்திய இசை போட்டேன். அதில் வாசிப்பவர் விரலை நகர்த்தும் உரசல், நாற்காலியின் முனகல், எல்லாமே என் இடது காதுக்கு ஒரு சாண் தூரத்தில், யாரோ என்னிடம் மட்டும் சொல்ல வந்து நிற்பதுபோலக் கேட்டன. இயர்போனைக் கழற்றினால் அறை சாதாரணமாக இருந்தது. மாட்டினால் ஆள் வந்துவிடுகிறார்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் மறுபடி போட்டேன். மறுபடியும் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்குச் சமைக்கும்போதுகூட இடது பக்கம் யாரோ நிற்கும் உணர்ச்சி போகவில்லை. பிடரியில் ஒரு கூச்சம் இருந்துகொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை இயர்போனை வலம் இடமாக மாற்றி மாட்டினேன். ஆள் வலது பக்கம் வந்து நின்றார். ஆக, என் காதில் கோளாறு இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது. கொஞ்சம் தைரியம் வந்தது. அதுவரை இது எனக்குத் தோன்றாமல் போனதற்கு வெட்கப்பட்டேன். அண்ணன் சொன்ன முதல் விதியையே மறந்திருக்கிறேன். சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிட உட்கார்ந்திருக்கிறேன்.

மீட்டரில் ரப்பர் வளையத்தைப் பொருத்தி அளந்தேன். கறுப்பில் இரண்டு பக்கமும் ஒன்று. வெள்ளியில் வலது பக்கம் கறுப்பைப் போலவே. இடது பக்கம், தாழ்ந்த சுரங்களில் ஆறு டெசிபல் கூடுதல். மேலே போகப் போகப் பதினெட்டு, இருபத்தாறு, முப்பது. இது பழுதால் வருகிற எண் அல்ல. யாரோ படிப்படியாக ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

மெனுவைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேடினேன். ‘என் காது’ என்று ஒரு தலைப்பு இருந்தது. சில பிளேயர்களில் இந்த வசதி உண்டு. மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக எழுப்பும். கேட்டதும் பட்டனை அழுத்த வேண்டும். எந்த ஒலி கேட்கவில்லையோ அதை அந்தக் காதுக்கு மட்டும் ஏற்றிக் கொடுக்கும். கண்ணாடிக்கடையில் எழுத்துப் பலகை காட்டிக் கண்ணாடி போடுவதைப் போல. அந்தத் தலைப்பின் கீழ் இருபத்தோரு பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தேதிதான் பெயர்.

ஒவ்வொன்றையும் திறந்தேன். இரண்டு கோடுகள். வலது காதின் கோடு எல்லாவற்றிலும் மேசை விளிம்புபோல நேராக இருந்தது. இடது காதின் கோடு முதல் பதிவில் உச்ச சுரங்களைக் காட்டும் ஓரத்தில் மட்டும் லேசாகச் சரிந்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒன்றாகத் தேதிகள் நகர நகரச் சரிவு பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசிப் பதிவில் கோடு அடியில் போய்ப் படுத்திருந்தது. ஐந்து வருடமாக ஒரு காது செத்துக்கொண்டிருந்ததை அண்ணன் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். நான் மூன்று நாளாகக் கேட்டது பாடகியை அல்ல. அந்தக் காதுக்காக ஏற்றி வைத்த சத்தத்தை.

அண்ணிக்குப் போன் செய்து, அண்ணனுக்குக் காதில் ஏதாவது இருந்ததா என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார். காது போனால் அவருக்கு வேலை ஏது என்றும் சொன்னார். அப்புறம், நான்கைந்து வருடமாகத் தெருவின் வலது ஓரமாகவே நடந்து அண்ணியைத் தன் வலது பக்கத்துக்கே மாற்றிக்கொள்வார் என்றார். வண்டி வருகிற பக்கம் தான் நிற்கிறார் என்று அண்ணி நினைத்துக்கொண்டாராம். வண்டி வராத சந்திலும் அப்படித்தான் செய்வார் என்று, சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்ததுபோல இருந்தது.

போனை வைத்ததும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. காரை ஓட்டுகிறவர் வலது பக்கம், நான் இடது பக்கம். அதாவது அவருடைய செத்த காதின் பக்கம். அவர் எப்போதும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவார், நல்ல காது முழுக்கத் தெருவின் இரைச்சல். என் மன்னிப்பு அவர் காதில் விழவே இல்லை. அவர் என்னை உதறவில்லை. இந்த ஒன்று உறுதியானால் போதும், நான்கு வருடமாக நெஞ்சில் இருக்கும் கல்லை இறக்கி வைத்துவிடலாம்.

கார்ப் பயணத்தின் தேதி எனக்கு மனப்பாடம். பட்டியலில் அதைத் தேடினேன். மூன்று மாத ஒழுங்கில் அந்த மாதம் பதிவே வரக் கூடாது. ஆனால் ஒன்று இருந்தது, பயணத்துக்கு இரண்டு நாள் கழித்து. மற்ற பதிவுகளின் கீழெல்லாம் ‘முயற்சி 1’ என்று இருந்தது. இதன் கீழ் ‘முயற்சி 4’ என்று இருந்தது.

ஒரு சோதனைக்கு ஏழு நிமிடம் ஆகும். அன்றைக்கு அவர் விடாமல் நான்கு முறை, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலைப் பட்டனில் வைத்து, வராத ஒலிக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் பேசியதில் எதையோ தவறவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் உதடு அசைந்ததைக் கண்ணின் ஓரத்தில் பார்த்திருக்கலாம். “என்னடா சொன்னே?” என்று கேட்டிருக்கலாம். கேட்டால் காதின் குட்டு உடைந்துவிடும்.

அந்த வாரத்துக் காது அப்படியே எண்களாக என் கையில் இருந்தது. எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று வெள்ளிப் பெட்டி சொல்கிறதோ, அவ்வளவையும் கறுப்புப் பெட்டியின் இடது பக்கத்தில் இறக்கி வைத்தால், கறுப்பு அண்ணனின் காதாகிவிடும். அதில் நான் பேசியதைக் கேட்க வேண்டும். கேட்காது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு வெறும் யோசனை போதாது, சரியாகச் செய்ய வேண்டும். அண்ணனின் கார் இன்னும் விற்கவில்லை. சாவி வாங்கினேன். எங்கள் ஆபீஸ் டிரைவர் ஏறக்குறைய அண்ணனின் உயரம், வியாழக்கிழமை அவருக்கு விடுமுறை. நானும் லீவு போட்டேன். இரண்டு சின்ன மைக்கையும் அவருடைய இரண்டு காதோரமும் டேப் வைத்து ஒட்டி, வயரைச் சட்டைக்குள் விட்டு ரெக்கார்டரில் செருகினேன். வலது கண்ணாடியை இறக்கச் சொன்னேன். அதே பஸ் நிறுத்தம், அதே வழி, அதே ஐந்தரை மணி நெரிசல்.

“என்ன சார், என்னை உளவு பாக்க அனுப்புறீங்களா?” என்றார் டிரைவர், கண்ணாடியில் தன் காதைப் பார்த்துக்கொண்டே.

ஒரு சோதனை என்றேன். நான் பேசிக்கொண்டே வருவேன், நீங்கள் பதில் பேசாமல் சாலையைப் பார்த்து ஓட்ட வேண்டும், வேறொன்றுமில்லை என்றேன்.

அன்று பேசியது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருந்தது. நான்கு வருடமாகத் தினமும் பேசிப் பார்த்ததுதானே. நடந்ததை முதலில் சொன்னேன். நகல் எடுக்கத்தான் கொடுத்தாய், இரட்டைகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீ சொல்லவில்லை என்றேன். பிறகு என் தரப்பு. ஐந்து பேர் பார்க்க என்னை அப்படிச் சொன்னாயே, மறுநாள் நான் எந்த முகத்தோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன் என்று யோசித்தாயா என்றேன். சின்ன வயதிலிருந்தே உன் பொருளைத் தொட்டால் நான் திருடன் என்றேன். பேசப் பேச அன்றைய சூடு அப்படியே ஏறியது. குரல் உயர்ந்தது. டிரைவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இந்தப் பக்கம் திருப்பாமல் ஓட்டினார். கடைசித் திருப்பம் வந்தது. அங்கேதான் அன்று மன்னிப்புக் கேட்டேன். அதையும் அன்று கேட்ட மாதிரியே கேட்டேன்.

கார் நின்றது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு, காதோரத்து டேப்பை உரித்தார்.

“யாருக்குச் சொல்ல வேண்டியதோ, தெரியலை. ஆனா நானே திட்டு வாங்கின மாதிரி இருந்துச்சு சார்.”

“கடைசியில சொன்னது?” என்றேன்.

“கடைசியில என்ன?”

“திருப்பத்துக்கு அப்புறம்.”

“திருப்பத்துக்கு அப்புறம் நீங்க ஒண்ணும் சொல்லலையே. அந்தப் பக்கம் ஜன்னலைப் பாத்துக்கிட்டு வாயை மென்னீங்க. திட்டி ஓஞ்சிட்டீங்கன்னு நெனச்சேன்.”

அவருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு மாடியில் யார் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்லக்கூடியவர்.

வீட்டுக்கு வந்ததும் பதிவைக் கறுப்புப் பெட்டியில் ஏற்றினேன். எதையும் இறக்காமல், எதையும் ஏற்றாமல், இருக்கிறபடி போட்டேன். என் குற்றச்சாட்டுகள் எல்லாம் வந்தன. காற்று, ஹார்ன், பஸ்ஸின் இரைச்சல் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நின்று வந்தன. என் குரல் இவ்வளவு கூர்மையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடைசித் திருப்பத்துக்குப் பிறகு காற்று மட்டும் இருந்தது. மீண்டும் போட்டேன். வால்யூமை ஏற்றினேன். காற்று பெரிதானது. இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். எங்கோ ஆழத்தில் ஒருவன் தொண்டையைச் செருமியதுபோல ஒன்று. அவ்வளவுதான்.

அண்ணனின் எண்களையும் போட்டுப் பார்த்தேன், ஆரம்பித்ததை முடிக்க வேண்டுமே என்று. குற்றச்சாட்டுகள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல மழுங்கி வந்தன. ஆனால் வந்தன. “ஐந்து பேர்” வந்தது. “திருடன்” வந்தது. கடைசி நிமிடம், எண்கள் போடாதபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அந்த நிமிடத்தில் நல்ல காதுக்கும் செத்த காதுக்கும் வித்தியாசமே இல்லை. வருத்தத்தை அலுவலகக் கடிதத்தில் வைக்கும் இடத்தில் வைத்திருக்கிறேன். கடைசியில், சின்னதாக, ஜன்னலைப் பார்த்து.

அண்ணன் அதைத் தன் காதின் குற்றம் என்று நினைத்து நான்கு முறை சோதித்திருக்கிறார்.

அந்த வாரம் நான் வெள்ளிப் பெட்டியை மறுபடி மாட்டவில்லை. ஆனாலும் அவர் போகவில்லை. பஸ்ஸில் என் இடது இருக்கையில் யாராவது வந்து உட்கார்ந்தால் உடம்பு தூக்கிப் போட்டது. வெள்ளிக்கிழமை ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் எழுத உட்கார்ந்து, கடைசிப் பத்திக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்தக் கடிதத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை அண்ணி வீட்டுக் கூடத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே எக்ஸ்சேஞ்ச் கடைக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்து, மிக்ஸியையும் இஸ்திரிப் பெட்டியையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் கடிகாரம் இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. நான் செருப்புப் பெட்டியை வைத்தேன். எது என்று அண்ணி கேட்டார். வெள்ளி என்றேன். எது நன்றாக இருந்தது என்று கேட்டார். கறுப்பு என்றேன்.

கடைக்காரர் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். தொழில்காரர், ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். “சார், இதுல இடது பக்கத்தைக் கண்டபடி ஏத்தி வச்சிருக்காங்க. இப்படியே கேட்டா ஆறு மாசத்துல உங்க காது போயிடும். ரீசெட் அடிச்சுத் தரவா?”

வேண்டாம் என்று சொல்லி, அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். பதிவுகளை அழிக்காமல் அந்த ஏற்றத்தை மட்டும் நிறுத்தி வைக்கலாம் என்று எனக்குத் தெரியும். அதை நான் வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்வேன். கறுப்பில் இருபது நிமிடப் பதிவு ஒன்று இருக்கிறதே, அது வேண்டுமா என்று கேட்டார். அதுவும் வேண்டாம் என்றேன். அவர் அழிக்கும் பட்டனை அழுத்தினார்.

அண்ணி துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கார்ப் பயணத்தைப் பற்றி அவரிடம் நான் ஒருநாளும் பேசியதில்லை. அன்று வீட்டுக்கு வந்து அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன். என்றைக்கு என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

“சாப்பிடக்கூட இல்லை. ‘கண்டபடி கத்தினான், கத்தட்டும், என்மேலயும் தப்பு இருக்கு’ன்னார். அப்புறம், ‘கடைசியில என்னமோ சொன்னான், காத்துல எனக்குத்தான் கேக்கலை. முக்கியமானதா இருந்தா திரும்ப வந்து சொல்லுவான்’னார்.” துண்டை மறுபடி விரித்து மறுபடி மடித்தார். “ரொம்ப நாள் ஞாயித்துக்கிழமை வெளியே எங்கேயும் போகமாட்டார். நான் கேட்டா, சும்மா கால் வலின்னுவார்.”

எத்தனை ஞாயிறு என்ற கேள்வி வாய்வரை வந்தது. எண்ணிக்கை தெரிந்து என்ன செய்யப் போகிறேன் என்று அடக்கிக்கொண்டேன்.

கடைக்காரர் டேப்பை இழுத்துக் கிழித்து ஒரு பெட்டியை ஒட்டினார். நான் வெள்ளிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, காலியான அலமாரியைப் பார்த்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அண்ணி துண்டை வைத்துவிட்டு அருகில் வந்தார். “என்ன சொன்னீங்க தம்பி? கேக்கலை. திரும்பச் சொல்லுங்க.”

அலமாரியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தேன். கடைக்காரர் டேப்பை இழுப்பதை நிறுத்தியிருந்தார். அவரும் கேட்கட்டும் என்று, மறுபடியும் முதலிலிருந்து, நடந்ததும் வேண்டாம் தரப்பும் வேண்டாம் என்று விட்டுவிட்டு, கூடத்துக்கே கேட்கும்படி சொன்னேன்.

“தப்பு என்னுது அண்ணி. அன்னைக்கு அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நான் கேக்கவே இல்லை.”